வாய்வுக்கு ஒரு கட்டம்

ஓம வாட்டர் வாசனை அடித்ததும் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரை, நீ நிரப்பிய பாரக்கட்டைக் கொண்டுவந்து என் மேசையில் தொப்பென்று போடுகிற நேரம். வாசலில் யாருமில்லை. தடுப்பூசி ஃபிரிட்ஜ் மட்டும் வழக்கம்போல முனகிக்கொண்டிருந்தது. வாசனை மேசையிலிருந்துதான் வந்தது. உனக்குப் பதிலாக இப்போது வீடு வீடாகப் போகிற அம்மா நேற்று சாயங்காலம் வைத்துவிட்டுப் போன கட்டு. நடுவில் ஒரு பாரம் மட்டும் நனைந்து காய்ந்து, ஓரம் சுருண்டு கிடந்தது.

உருவிப் பார்த்தேன். பெயர் என்ற கட்டத்தில் உன் வீட்டுக்காரர் பெயர். வயது ஐம்பத்தொன்று. பிரஷர் நன்றாகவே ஏறியிருந்தது. ‘நெஞ்சு வலி உண்டா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’யில் டிக். அடியில், நீ போன பிறகு நாங்கள் சேர்த்த இருபத்தொன்பதாவது கட்டத்தில், அந்த அம்மாவின் குண்டு குண்டான எழுத்து: ‘வாய்வு. நாலு நாளா. ஓம வாட்டர் குடிக்கிறார். கை தட்டி பாரத்துல ஊத்திருச்சி, மன்னிக்கவும்.’

நாலு நாள். அதைப் படித்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது மணி இரண்டு. தர்மபுரி டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில், இதயப் பிரிவு என்று எழுதிய கதவுக்கு வெளியே இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். நான் அண்ணன் என்று கூப்பிடுகிற உன் வீட்டுக்காரரை உள்ளே தள்ளிக்கொண்டு போய் முக்கால் மணி நேரமாகிறது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இ.சி.ஜி.யைப் பார்த்த டாக்டர் உடனே இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அவரும் வந்து பார்த்துவிட்டு என்னை வெளியே இருக்கச் சொன்னார். என் மடியில் அண்ணனுடைய சட்டை, அவர் செல்போன், பாதி காலியான ஓம வாட்டர் பாட்டில். சேலத்தில் படிக்கிற உன் பெண்ணுக்கு இன்னும் சொல்லவில்லை. ‘பாப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க’ என்றுதான் அவர் உள்ளே போனார். என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. பையில் எழுதாத பாரங்கள் இருந்தன, உன் சிவப்புப் பேனா இருந்தது. அதனால் பாரத்தின் முதுகுப் பக்கத்தில் உனக்கு எழுதுகிறேன். கட்டமே இல்லாத பக்கம். உனக்குப் பிடித்த பக்கம்.

நீயும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். உனக்குத் தோள்பை, பிரஷர் மெஷின், டேப், சர்க்கரை பார்க்கிற ஊசி. எனக்குச் சுகாதார நிலையத்தின் பின்கட்டு அறையில் ஒரு கம்ப்யூட்டர். முப்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் ஒவ்வொருவரையும் வீட்டில் போய்ப் பார்த்து, பிரஷர், சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு, பழக்கவழக்கம், அப்பா அம்மா எதில் போனார்கள் என்று இருபத்தெட்டு கட்டங்களை நீ நிரப்பிக்கொண்டு வருவாய். நான் அதைப் பார்த்து ஏற்றுவேன். மொரப்பூர்த் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர்களில் உன் கால் படாத வாசல் கிடையாது. நான் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே அந்த ஜனங்களை எல்லாம் எண்களாகத் தெரிந்துவைத்திருந்தேன்.

பிறகு மருத்துவக் கல்லூரியிலிருந்து அந்த டாக்டரம்மா வந்தார். இத்தனை வருஷத்துப் பாரங்களையும் ஒன்றாகச் சேர்த்து, அதில் யார் யாருக்குப் பின்னால் மாரடைப்பு வந்தது, வருவதற்கு முன்னால் அவர்கள் உடம்பில் என்ன இருந்தது என்று பார்க்கப் போகிறோம் என்றார். முன்னாலேயே தெரிந்துகொண்டால் அடுத்தவர்களைத் தடுக்கலாம் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் டைப் அடித்ததற்கு இப்படி ஒரு மரியாதையா! நீ வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நிதானத்தோடு யோசித்துவிட்டுச் சொன்னாய்:

“செத்தவங்களக் கேட்டு இருக்கறவங்களக் காப்பாத்தறதா? நல்ல வேலதான்டி. ஆனா செத்தவங்க சொன்னத செரியா எழுதி வெச்சிருக்கணுமே.”

சரியாகத்தான் நீ எழுதினாய். ஒரு நாள் உன் கூட ஃபீல்டுக்கு வந்தேனே, அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு வீட்டு வாசலில் வாய் நிறைய வெற்றிலையோடு ஓர் அம்மா. பாரத்தில் இருக்கிறபடி நான் கேட்டேன், “பொகையில போடற பழக்கம் இருக்குதுங்களா?”

“ச்சே, அந்தக் கருமமெல்லாம் நமக்கு எதுக்குங்க,” என்றது அந்த அம்மா. நான் ‘இல்லை’யில் டிக் அடிக்கப் போனேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

“வெத்தல போடறப்ப கூட என்னாங்க வெச்சிக்குவீங்க?”

“பாக்கு, சுண்ணாம்பு, துளியூண்டு பொகல. அது இல்லாட்டி வெத்தல எறங்காதுங்களே.”

நீ என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தாய். அடுத்த வீட்டில் ஒருவர், “பிரஷரு இருந்துச்சிங்க, மாத்திர போட்டேன், போயிருச்சி” என்றார். மாத்திரையையும் சேர்த்து நிறுத்தியிருந்தார். அவரோடு நீ அரை மணி நேரம் மல்லுக்கட்டினாய். நான் வெயிலில் நின்று, இந்த வேகத்தில் போனால் ஒரு நாளைக்கு எத்தனை பாரம் தேறும் என்று எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குத்தான் அந்த வார்த்தையையும் முதலில் கேட்டேன். கேட்டேன் என்றால், பிறந்ததிலிருந்து கேட்கிற வார்த்தைதான். பாரத்தை வைத்துக்கொண்டு அன்றைக்குத்தான் கேட்டேன். கரும்புத் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்திருந்தவரிடம் நெஞ்சு வலி உண்டா என்று கேட்டாய். அவர் பதறிப்போனார்.

“நெஞ்சு வலியா? அய்யய்யோ, அதெல்லாம் இல்லீங்க. நல்லாத்தான் இருக்கறன். மேட்டுல ஏத்தம் ஏறினா வாய்வு மட்டும் மாருல வந்து அடச்சிக்குது. கொஞ்ச நேரம் குந்திக்கினா ஏப்பம் வந்து எறங்கிரும்.”

நம் பக்கத்து ஜனங்கள் நெஞ்சு வலி என்ற வார்த்தையை வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் வந்துவிடும் என்று ஒரு பயம். நீ ஒரு தடவை சொன்னாய், “நெஞ்சு வலின்னா ஆஸ்பத்திரிக்குப் போவணும், ஊட்ல அழுவாங்க. வாய்வுன்னா சோடா குடிச்சாப் போதும். எது சுலுவுன்னு பாரு.” அவர் பாரத்தில் ‘இல்லை’யில் டிக் அடித்தாய். அடித்துவிட்டு, ஓரத்தில் சிவப்புப் பேனாவால் ‘வாய்வு. ஏத்தம் ஏறினால். டாக்டரம்மாவக் கேக்கணும்’ என்று எழுதினாய்.

அந்தச் சிவப்பு எழுத்துக்காக நாம் போட்ட சண்டை கொஞ்சமா? உன் பாரங்களின் ஓரமெல்லாம் சிவப்பு. ‘தூக்கம் இல்லை.’ ‘மகன் பேசறதில்லை.’ ‘இடது கை மரத்துப்போகுதாம்.’ ‘வாய்வு.’ ‘வாய்வு.’ ‘வாய்வு.’ எனக்கு எரிச்சலாக வரும். எந்தக் கட்டத்தில் ஏற்றுவது இதை?

“கட்டத்துக்கு வெளிய எழுதறதெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியாதுடி. சும்மா மையை வீணாக்காத,” என்பேன்.

“அப்ப வாய்வுக்குன்னு ஒரு கட்டம் போட்டுக் குடு.”

“நான் போட முடியாது. பாரம் மேலருந்து வருது.”

“ஜோசியக்காரன் பன்னெண்டு கட்டத்த வெச்சிக்கினு ஆயுசையே சொல்றான். நீ இருவத்தெட்டு கட்டம் வெச்சிருக்க. உன்னால ஒரு வாய்வச் சொல்ல முடியலியா ரோசி?”

நான் முறைப்பேன். நீ விடமாட்டாய். “உனக்கென்னடி, நீ செத்தாலும் உங்க ஆளுங்க பொட்டியில வெச்சித்தான் எடுத்துக்கினு போவாங்க. அங்கயும் கட்டத்துக்குள்ளாறதான்” என்பாய். கோயில் மணி அடித்தாலே நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்கிற என்னிடம் இப்படிப் பேச உனக்கு மட்டும்தான் தைரியம். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

சண்டையில் ஜெயித்தது நான்தான். எப்படி என்று கேள். அந்த ஓரத்தைப் பார்க்காமலே இருக்கக் கண்ணைப் பழக்கிக்கொண்டேன். பெயர், வயது, ஒன்று, இரண்டு, மூன்று, டிக், டிக், அடுத்த பாரம். சிவப்பு என்று ஒரு நிறமே என் கண்ணுக்கு இல்லாமல் போனது. வேகம் கூடியது. நம் நிலையத்தில்தான் தப்பில்லாமல் ஏற்றுகிறார்கள் என்று நல்ல பெயர்கூடக் கிடைத்தது.

பங்குனியில் அந்த வெள்ளிக்கிழமை நீ வந்தாய். படி ஏறியதும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். வியர்த்துக் கொட்டியிருந்தது. பங்குனியில் யாருக்குத்தான் வியர்க்காது? பையிலிருந்து ஓம வாட்டரை எடுத்து, மூடியில் ஊற்றாமல் பாட்டிலோடு ஒரு வாய் குடித்தாய்.

“என்னாடி, காலங்காத்தால உன் சாராயத்த ஆரம்பிச்சிட்ட?”

“வாய்வுடி.”

“கெழவி ஆயிட்ட. ஒத்துக்கோ.”

நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நீயும் சிரித்துவிட்டாய். “இந்த வாரம் கணக்குக்கு ஒரு பாரம் கொறஞ்சிது. என் பேர்லயே ஒண்ணு போட்டுட்டன், ஏத்திக்கோ” என்று கட்டை மேசையில் போட்டாய். தொப்பென்று விழவில்லை. மெதுவாக வைத்தாய். உன் கையில் பலமில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உன் பாரத்தை உன் முன்னாலேயே ஏற்றினேன். வயது நாற்பத்து நாலு. பிரஷர் நூற்று அறுபதுக்கு நூறு. “என்னாடி இது, உனக்கா?” என்று கேட்டேன். “வெயில்ல நடந்து வந்த உடனே பாத்தன், அதான்” என்றாய். ஊருக்கெல்லாம் ‘நிதானமா உக்காந்து, பத்து நிமிசம் கழிச்சிப் பாக்கணும்’ என்று சொல்கிறவள், உனக்கு மட்டும் நின்றபடி பார்த்தாயா? நான் அதைக் கேட்கவில்லை. அப்பா: தூக்கத்தில் இறந்தார். நெஞ்சு வலி: இல்லை. டிக். அடுத்த பாரம்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணிக்கு, ஏரிக்கரை மேட்டில் ஒரு வீட்டில் பிரஷர் பார்க்கப் போன நீ, அவர்கள் கட்டிலிலேயே உட்கார்ந்து சுடுதண்ணி கேட்டாயாம். அந்த வீட்டு அம்மா எனக்கு அப்புறம் சொன்னது: “வாய்வுங்க, எறங்கிரும், நீங்க கைய நீட்டுங்கன்னு சொல்லிக்கினே இருந்துச்சிங்க. மெஷின என் கையில கட்டிட்டுது. பொறவு அமுக்கவே இல்ல.” ஆட்டோவில் அரூர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த அம்மாவின் பாரம் பாதியில் நிற்கிறது. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

காரியம் முடிந்து அண்ணன் உன் தோள்பையை நிலையத்தில் கொண்டுவந்து கொடுத்தார். உன் சிதைக்கு நெருப்பு வைத்த கையில் அப்போதும் கொப்புளம் ஆறியிருக்கவில்லை. பையில் மெஷின், டேப், பாரங்கள், சிவப்புப் பேனா. மெஷினையும் டேப்பையும் ஒப்படைத்தேன். பேனாவை ஒப்படைக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து டாக்டரம்மா நம் பதிவுகளையும் ஊர்ச் சாவுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க உட்கார்ந்தார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு போனார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“ரோசி, மாரடைப்புல போனவங்கள்ல நிறையப் பேருக்கு நெஞ்சு வலி ‘இல்லை’ன்னே வருதே. ஒரு அறிகுறியும் இல்லாமயா எல்லாரும் போயிருப்பாங்க? நம்ம பாரம் பொய் சொல்லுதா?”

பொய் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும்.

“பாரம் பொய் சொல்லலீங்க மேடம். நான்தான் பாதிய ஏத்தல.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “காகிதத்த எடுங்க” என்று மட்டும் சொன்னார். பீரோவைத் திறந்து கட்டுகளை இறக்கினோம். செத்துப்போனவர்களின் பாரங்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துத் தரையில் பரப்பினோம். இத்தனை நாள் பார்க்காமல் பழகிய என் கண்ணுக்கு அன்றைக்குச் சிவப்பைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. வாய்வு. வாய்வு மேல ஏறுதாம். வாய்வு, வேர்க்குதாம். ஏத்தம் ஏறினால் வாய்வு. கரும்புத் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்திருந்தவர் பாரமும் அதில் இருந்தது. உன் கையெழுத்தில் அத்தனை பேரும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்கள். ‘கேக்கணும்’ என்று நீ எழுதியதை யாரிடமும் கேட்காமல் வைத்திருந்தவள் நான்.

“எல்லா வாய்வும் மாரடைப்பு இல்ல ரோசி. நிஜமான வாய்வும் உண்டு. ஆனா எது எதுன்னு பாக்காம எப்படிச் சொல்றது?” என்றார் டாக்டரம்மா. அவருக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது. அடுத்த வாரம் மேலிடத்தில் பேசி, பாரத்தில் இருபத்தொன்பதாவதாக ஒரு கட்டம் போட்டுக்கொண்டு வந்தார். ‘வாய்வு, அடைப்பு, மார் கனம்: அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுக.’ நீ ஆறு வருஷம் கேட்ட கட்டம். நீ போன பிறகு, காகிதத்தைப் பிரித்துப் பார்த்த ஒரே வாரத்தில் கிடைத்தது.

கடைசியாக உன் பாரத்தை எடுத்தேன். ஓரத்தில் எழுதியிருந்தது.

‘வாய்வு. நாலு நாளா. இடது தோள். ரோசியக் கேக்கணும்.’

மற்றவர்களுக்கெல்லாம் டாக்டரம்மாவைக் கேட்கணும் என்று எழுதியவள், உனக்கு மட்டும் என்னைக் கேட்கணும் என்று எழுதியிருந்தாய். கேட்கத்தான் அன்றைக்கு வந்தாய். வாயெடுத்தாய். நான் கிழவி என்று சிரித்தேன். சரி, வாயால் கேட்கவில்லை. கையால் எழுதிக் கொடுத்தாயே, அதை என் முன்னால் வைத்து, என் பக்கத்தில் நின்றாயே! நான் ஏற்றி முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனாய். நான் படிப்பேன் என்று காத்திருந்தாயோ? பாவி, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? உன் மேலும் எனக்குக் கோபம்தான். அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமல்தான் இத்தனை நாளாகத் திண்டாடுகிறேன்.

இன்றைக்குக் காலையில் அண்ணனுடைய பாரத்தில் அதே ‘நாலு நாளா’வைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை. உன் பாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்தேன். உன் வீட்டுக்கு முன்னால் குட்டியானை வண்டி நின்றது. பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளிப் பெட்டி ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் ஒரு பெட்டியைத் தோளுக்குத் தூக்கி, பாதியில் இறக்கி, வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவைப் பிடித்துக்கொண்டு நீ நின்ற மாதிரியே நின்றார்.

“கிளம்புங்கண்ணா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“எதுக்குங்க ரோசிம்மா? ஒண்ணுமில்லீங்க, வாய்வுதான். இன்னிக்கு ரேட்டு நல்லா இருக்குது, லோடு போய்ச் சேரட்டும். நாளைக்கு வரன்.”

“வாய்வுன்னு யார் சொன்னது?”

“யார் சொல்லணும்? அவளுக்கும் இப்பிடித்தான் அடிக்கடி வரும். ஓம வாட்டர் குடிச்சா செரியாப்போயிரும்.”

அவளுக்கும் இப்படித்தான் வரும் என்று, சாதாரணமாகச் சொன்னார். வாய்வு வேறு, நீ போனது வேறு என்றுதான் அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். நீ திடீரென்று போனாய் என்றே ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு வாதாடத் தெரியவில்லை. உன் பாரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் என்று உனக்குத் தெரியும். உதடு அசைய அசையப் படித்தார். இடது தோள் என்ற இடம் வந்ததும் அவர் கை தன்னால் தன் இடது தோளுக்குப் போனது. நான் அதைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

“எங்கிட்ட சொல்லவே இல்லீங்களே.”

“எங்கிட்டயும் சொல்லலண்ணா. எழுதித்தான் வெச்சா. நான் படிக்கல.”

அவர் கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாரத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு வண்டியின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். எப்படியும் தர்மபுரி வழியாகத்தான் போக வேண்டும். தக்காளி பின்னால், டிரைவரோடு நாங்கள் முன்னால். வழியெல்லாம் அவர் ஏப்பம் விடப் பார்த்தார். வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் சீட்டு எழுதுகிறவர் நிமிராமல் கேட்டார், “என்ன பண்ணுது?”

“வாய்வுங்க,” என்றார் அண்ணன்.

பேனா காகிதத்தில் இறங்குவதைப் பார்த்தேன். எத்தனை ஆயிரம் தடவை என் கை அப்படி இறங்கியிருக்கும்! “வாய்வு இல்லீங்க, நெஞ்சு வலி! நெஞ்சு வலின்னு எழுதுங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. அந்த வார்த்தையைக் கேட்டு அண்ணன் முகம் வெளிறியது. ஒரு பையன் தள்ளுநாற்காலியோடு ஓடி வந்தான். பார்த்தாயா, ஒரே உடம்பு, ஒரே ஆள். வார்த்தையை மாற்றியதும் கதவு திறந்தது.

மணி மூன்றரை. இப்போதுதான் டாக்டர் வெளியே வந்தார்.

“அடைப்பு இருந்துச்சிம்மா. சரி பண்ணியாச்சி. ரெண்டு நாள் கண்ணுலயே வெச்சிப் பாக்கணும், இப்பவே ஒண்ணும் உறுதியாச் சொல்ல மாட்டேன். ஆனா ஆள் பேசறார்” என்றார். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. மாரில் வயர் ஒட்டியிருந்தது. பெட்டிக்குள் ஒரு பச்சைக் கோடு ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. என் ஜெபமாலையை நிலையத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் கோட்டையே எண்ணிக்கொண்டு நின்றேன். பிறகு உன் பெண்ணுக்கு ஃபோன் போட்டேன். முதலில், “அப்பா நல்லாருக்கார்” என்றேன். அப்புறம்தான் மற்றது. அழுதாள். சாயங்கால ரயிலைப் பிடித்து வருகிறாள்.

திங்கட்கிழமை நிலையத்துக்குப் போனால் பீரோ இருக்கிறது. செத்தவர்கள் பாரத்தை மட்டும்தான் அன்றைக்குப் பிரித்தோம். உயிரோடு இருக்கிறவர்களின் பாரங்கள் இன்னும் நான் ஏற்றிவிட்டுக் கட்டிவைத்தபடியே கிடக்கின்றன. அவற்றின் ஓரத்திலும் உன் சிவப்பு இருக்கும். அவர்களெல்லாம் இந்த நிமிஷம் எங்கேயோ ஏத்தம் ஏறிக்கொண்டிருப்பார்கள், பெட்டி தூக்கிக்கொண்டிருப்பார்கள், சோடா குடித்துக்கொண்டிருப்பார்கள். யார் யார் என்று நீ எழுதிவைத்திருக்கிறாய். நான் பிரித்துப் படித்து, ஒவ்வொரு வாசலாகப் போய் நிற்க வேண்டும். எத்தனை வாசலில் நான் போவதற்குள் பந்தல் போட்டிருப்பார்களோ, அந்தப் பயம்தான் பெரிய பயம். நீ எனக்கு விட்டுப்போனது இந்தப் பயமும் இந்தப் பேனாவும்தான். இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

நர்ஸ் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். நோயாளி பெயர், ஊர், வயது. எல்லாம் கட்டம். எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு கட்டம்: ‘பரிசோதித்து அனுப்பியவர்’.

கட்டத்துக்குள் நான் இதுவரை தப்பாக ஒன்றும் எழுதியதில்லை என்று உனக்குத் தெரியும். சிவப்புப் பேனாவால் உன் பெயரை எழுதினேன். உன் வேலையை எழுதினேன். நம் நிலையத்தின் பெயரை எழுதினேன்.

நர்ஸ் வாங்கிப் பார்த்தாள். “இவங்க ஃபோன் நம்பர் போடலியேங்க? டாக்டர் பேசணும்னு சொல்றார். வாய்வுன்னு சொன்ன ஆளக் கரெக்டா புடிச்சி அனுப்பியிருக்காங்களே, யாருன்னு கேக்கறார்.”

“இப்ப கூப்புட்டாக் கெடைக்க மாட்டா” என்றேன். “அவ ஃபீல்டுல இருக்கா.”